கிட்டங்கி காலி

18 ஜனவரி 2025, சனி

என் அக்கா, லாத்தாவின் ரிப்போர்ட் மதுரையிலிருந்து எங்கள் லேபுக்கு வந்துவிட்டது. ஹீமோகுளோபின் 12.1. ஃபெரிட்டின் 7.

முதல் எண்ணோடு நிறுத்தியிருந்தால் ‘எல்லாம் நார்மல்’ என்று கவரில் போட்டுக் கொடுத்திருப்போம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இறங்கினால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனம் போட்ட கோடு. லாத்தா அந்தக் கோட்டுக்கு ஒரு நூல் மேலே நிற்கிறார். ஆனால் மாடி ஏறினால் மூச்சு இரைக்கிறது. ராத்திரி படுத்தால் கால் இரண்டும் அடங்கிக் கிடப்பதில்லை. தலை வாரினால் சீப்பில் முடி கொத்தாய் வருகிறது. போன மாதம் ஃபிரிட்ஜைத் திறந்து ஐஸ் கட்டியை எடுத்துக் கடகடவென்று மென்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் பிடிவாதமாக உட்காரவைத்து ரத்தம் எடுத்தேன். உடம்பில் இரும்பு குறைந்தவர்களுக்கு ஐஸ், பச்சரிசி, சாம்பல், சுவர்ச் சுண்ணாம்பு என்று எதையாவது மெல்லத் தோன்றும். வீட்டில் அதைக் கெட்ட பழக்கம் என்று திட்டுவார்கள். அது நோயின் அறிகுறி.

“ஃபெரிட்டினா? அது கொரோனா டெஸ்ட்டுல்ல?” என்று கேட்டார் லாத்தா. 2020, 2021-ல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு டி-டைமர், சி.ஆர்.பி.யோடு இதையும் சேர்த்துப் பார்த்தார்கள். பெயரைக் கேட்டாலே எங்கள் ஊரில் பலருக்கு அந்த நாட்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

வாப்பாவின் கடையை வைத்து விளக்கினேன். கடை அலமாரியில் சரக்கு அடுக்கியிருக்கும். வாங்க வருகிறவருக்கு ஒரு குறையும் தெரியாது. பின்னால் கிட்டங்கியில் மூட்டை ஒன்றுகூட இல்லை என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும். ஹீமோகுளோபின் அலமாரி. ஃபெரிட்டின் கிட்டங்கிக் கணக்கு.

“அப்ப என் கிட்டங்கி காலியா?” என்றார்.

“காலிதான் லாத்தா.”

19 ஜனவரி, ஞாயிறு

லேப் விடுமுறை. நேற்றுச் சொன்னதை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். லாத்தாவின் மகளும் கேட்டாள், பக்கத்து வீட்டு மாமியும் கேட்டார்.

வளர்ந்த ஆளின் உடம்பில் உள்ள மொத்த இரும்பே 3 முதல் 4 கிராம். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி ஈரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையில் ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் அடைபட்டிருக்கிறது. அந்தப் புரதத்தில் ஒரு துளி ரத்தத்திலும் கசிகிறது. அந்தக் கசிவை அளந்துதான் சேமிப்பை ஊகிக்கிறோம். மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் ஃபெரிட்டின் என்றால் சேமிப்பில் சுமார் 8 முதல் 10 மில்லிகிராம் இரும்பு. அப்படியானால் லாத்தாவிடம் 60, 70 மில்லிகிராம்தான் மிச்சம். ஒரு பிள்ளைப்பேற்றுக்கு மட்டும் ஏறக்குறைய 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். லாத்தா நான்கு பெற்றவர். குடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவதோ 1, 2 மில்லிகிராம்.

இரும்பு குறையும்போது முதலில் காலியாவது சேமிப்பு. அப்போது ஃபெரிட்டின் மட்டும் விழும், வேறெதுவும் அசையாது. அடுத்து, ரத்தத்தில் இரும்பைச் சுமந்து போகும் டிரான்ஸ்ஃபெரின் வெறுங்கையோடு சுற்றத் தொடங்கும். டி.ஐ.பி.சி. என்று நாங்கள் போடும் அளவு ஏறும், நிறைவு விகிதம் இறங்கும். லாத்தாவுக்குச் சீரம் இரும்பு 38, டி.ஐ.பி.சி. 440. வகுத்துப் பார்த்தால் 9 சதவீதம்கூட வரவில்லை. 20-ஆவது இருக்க வேண்டும். அதற்கும் பிறகுதான் சிவப்பணுக்கள் சிறுத்துப் பிறக்கும். அணுவின் சராசரி அளவான எம்.சி.வி. குறையும், அணுக்களின் அளவு வேறுபாட்டைக் காட்டும் ஆர்.டி.டபிள்யூ. ஏறும். ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால் பழைய நல்ல அணுக்கள் போய்த் தீரும்வரை ஹீமோகுளோபின் தாக்குப்பிடிக்கும். கடைசியில் விழுவது அதுதான். நாம் எல்லோரும் பார்ப்பதும் அதை மட்டும்தான்.

இந்தச் சேமிப்பை முன்பு எப்படிப் பார்த்தார்கள் என்று படித்தபோது உடம்பு கூசியது. எலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை எடுத்து, நீலச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் இரும்புத் துகளைத் தேட வேண்டும். செக் நாட்டு விஞ்ஞானி விலெம் லாஃப்பெர்கர் குதிரையின் மண்ணீரலிலிருந்து ஃபெரிட்டினைப் பிரித்தது 1937-ல். மனித ரத்தத்தில் அதை நம்பகமாக அளக்க வழி கிடைத்தது 1972-ல், கார்டிஃப் நகரில். இன்று கையில் ஒரு ஊசி, மஞ்சள் மூடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் போதும். இவ்வளவு எளிதாகிவிட்ட ஒன்றை எங்கள் பெண்களில் எத்தனை பேர் கேட்டு வாங்குகிறார்கள்?

25 ஜனவரி, சனி

லாத்தாவை ராமநாதபுரத்தில் மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தவுடன் மாத்திரை எழுதவில்லை. “இரும்பு எங்கே போச்சு?” என்று கேட்டார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது.

மாதவிலக்கு பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை நாள், ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா. லாத்தா முதலில் “எல்லாருக்கும் போறதுதான்” என்றார். பிறகு மெல்ல ஏழெட்டு நாள் என்று வாய் திறந்தார். ஒரு மாதத்தில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்பது கணக்கு. ஒரு மில்லி ரத்தத்தோடு ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. உண்பதில் ஈடுகட்ட முடியாத இழப்பு. ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி. எத்தனையோ வருடமாக ‘வேலை அசதி’ என்று தாங்கிக்கொண்டதற்குக் காரணம் அங்கே உட்கார்ந்திருந்தது.

எங்கள் ஊரில் பெண் பிறந்த வீட்டிலேயே வாழ்கிறாள். மச்சான் சபுரில், அதாவது வெளிநாட்டில், இருக்கிறார். நான்கு பிள்ளைகள், வயதான உம்மா, வருகிற போகிற விருந்து எல்லாம் லாத்தா தலையில். அசதி என்றால் யாருக்கும் வியப்பு வருவதில்லை. அந்த வியப்பின்மைதான் எனக்கு ஆகவே ஆகவில்லை.

ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் அச்சிடும் ‘நார்மல்’ எல்லையைப் பற்றியும் கேட்டேன். சில லேப்கள் பெண்களுக்கு 10-லிருந்தே நார்மல் என்று போடுகின்றன. 14 வந்தால் எண் தடித்த எழுத்தில்கூட வராது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கோடு, நோயில்லாத பெரியவர்களுக்கு 15. பல மருத்துவர்கள் 30-க்குக் கீழே இருந்தாலே குறை என்று எடுக்கிறார்கள். ரத்தசோகை உள்ளவருக்கு 45 என்று வைக்கச் சொல்கிறது அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம், அதுவும் 2020-ல். பாதிப் பேருக்குக் குறையிருக்கும் ஊரில் ‘எல்லாருக்கும் இருப்பதை’ நார்மல் என்று அச்சிட்டால் குறையே நார்மலாகிவிடும் என்றார் டாக்டர். நான் சொல்ல நினைத்து வார்த்தை கிடைக்காமல் இருந்தது அதுதான்.

10 பிப்ரவரி, திங்கள்

பள்ளிகளில் இன்று குடற்புழு நீக்க நாள், அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். லேபுக்குச் சின்ன ஏர்வாடிப் பக்கத்திலிருந்து கடல்பாசி எடுக்கும் ஒரு அக்கா வந்தார். கால் பாதம் வெளிறிக் கிடந்தது. ஹீமோகுளோபின் 7.4, எம்.சி.வி. 66. “ஃபெரிட்டினும் பாக்கணுமா தங்கச்சி, எவ்வளவு ஆகும்?” என்றார். வேண்டாம் என்றேன், அனுப்பிய டாக்டரும் எழுதவில்லை. இவ்வளவு தெளிவாகத் தெரியும்போது அந்தப் பணத்துக்குச் சாப்பிடலாம். சிகிச்சையைத் தொடங்கி, நாலு வாரத்தில் ஏறுகிறதா என்று பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். ஏறாவிட்டால்தான் மேலே தேட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இரும்பு மாத்திரை இலவசம், புழு மாத்திரையும் அங்கேயே. கொக்கிப்புழு குடல் சுவரைக் கவ்விக்கொண்டு நாள்தோறும் ரத்தம் உறிஞ்சும். அதை நீக்காமல் எவ்வளவு இரும்பு கொடுத்தாலும் ஓட்டை வழியே போய்விடும்.

டெஸ்ட் விற்கிற இடத்தில் வேலை பார்த்துக்கொண்டு இதைச் சொல்கிறேன்: ஃபெரிட்டின் எல்லாருக்கும் வேண்டாம். ஹீமோகுளோபின் நார்மலாக இருந்தும் உடம்பு சொல்பேச்சுக் கேட்காதவர்களுக்கும், கணக்கு இடிக்கிறவர்களுக்கும்தான் அது உயிர்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. அது விரல் நுனியில் குத்தி எடுத்த ஹீமோகுளோபின் மட்டும். அதில் எவ்வளவு இரும்புக்குறை, எவ்வளவு பி-12, எவ்வளவு வேறு காரணம் என்று அந்த எண் சொல்லாது. 2016–18-ல் பிள்ளைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஃபெரிட்டினும் பார்த்தார்கள். வளரிளம் பெண்களில் 31 சதவீதம், பையன்களில் 12 சதவீதம் பேருக்கு இரும்புக்குறை. ஒரே வீட்டுச் சோறு, ஒரே குழம்பு. இந்த வித்தியாசம் பூப்படைந்த பிறகு மாதம் தவறாமல் சேர்ந்துகொண்டே போகிறது.

18 பிப்ரவரி, செவ்வாய்

வடக்குத் தெரு மாமிக்குச் சர்க்கரை. காலில் ஆறாத புண்ணோடு வந்திருந்தார். ஹீமோகுளோபின் 9.8, ஃபெரிட்டின் 64. “64 இருக்கே, இரும்பு போதும்னு சொல்லிட்டாங்க” என்றார் உடன் வந்த மகன். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

இங்கேதான் இந்த டெஸ்ட்டின் பெரிய பொறி இருக்கிறது. காய்ச்சல், புண், சீழ், மூட்டு அழற்சி என்று உடம்பில் எங்கே நெருப்பு இருந்தாலும் ஃபெரிட்டின் தானாக ஏறும். சேமிப்பு ஏறாமலே அந்த எண் மட்டும் ஏறும். கொழுப்பு ஈரலிலும் ஏறும், டெங்குவில் ஆயிரக்கணக்கில் போகும். அழற்சி இருப்பவருக்கு 15 என்ற கோடு செல்லாது. உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு 70 என்று வைத்திருக்கிறது. மாமிக்கு, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 48. டாக்டர் கேட்டபடி மீதியையும் பார்த்தோம்: சீரம் இரும்பு 24, டி.ஐ.பி.சி. 320, நிறைவு விகிதம் 7.5. மாமிக்கும் இருப்பு தீர்ந்திருக்கிறது. புண்ணின் புகைதான் அதை மறைத்திருக்கிறது.

இதில் ஹெப்சிடின் என்ற ஹார்மோனுக்கும் பங்கு உண்டு. 2000-ஐ ஒட்டித்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். கிருமி நுழைந்தால் அதற்கும் இரும்பு வேண்டும் என்பதால், ஈரல் ஹெப்சிடினைச் சுரந்து குடலின் வாசலை அடைத்துவிடுகிறது. அணுக்களுக்குள் இருக்கிற இரும்பையும் வெளியே விடுவதில்லை. எதிரிக்குக் கிடைக்காமல் பூட்டி வைப்பது உடம்பின் தற்காப்பு. மாதக் கணக்கில் புண் ஆறாமல் கிடந்தால் அந்தத் தற்காப்பே மஜ்ஜையைப் பட்டினி போடுகிறது.

மாமிக்கு மாதவிலக்கு நின்று பல வருடம். அந்த வயதில் இரும்பு குறைந்தால் வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். புற்றுநோய் சில பேருக்கு இப்படித்தான் முதலில் தலைகாட்டும். மூட்டு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறாராம். அதுவும் இரைப்பையைப் புண்ணாக்கும். எண்டோஸ்கோப்பிக்கு எழுதியிருக்கிறார்கள். மகனிடம் இரண்டு தடவை சொன்னேன், மாத்திரையை வாங்கிக்கொண்டு இதை விட்டுவிடாதீர்கள் என்று.

24 பிப்ரவரி, திங்கள்

இன்று நேர் எதிரான ஒரு கணக்கு. கல்லூரியில் படிக்கும் பெண், கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்தே ‘ரத்தம் கம்மி’ என்று இரும்பு டானிக் குடித்துக்கொண்டே இருக்கிறாள். ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டுவதேயில்லை. எம்.சி.வி. 62. அவ்வளவு சிறிய அணுவைப் பார்த்தால் எவரும் இரும்புக்குறை என்றுதான் சொல்வார்கள். ஆனால் சிவப்பணு எண்ணிக்கை 59 லட்சம், ஆர்.டி.டபிள்யூ. நார்மல், ஃபெரிட்டின் 48, சி.ஆர்.பி.யும் நார்மல்.

இரும்பு இல்லாத மஜ்ஜை இத்தனை அணுவைப் பெற்றெடுக்காது. எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால், பத்து லட்சத்தை ஒன்றாக வைத்து, வகுத்தால் 13-க்கு மேலே இரும்புக்குறை, கீழே தலசீமியா கடத்தி என்று மென்ட்சர் 1973-ல் சொன்ன ஒரு கைக்கணக்கு உண்டு. இவளுக்கு 10.5. சந்தேகத்தைக் கிளப்பத்தான் அந்தக் கணக்கு, தீர்ப்பு சொல்ல அல்ல. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் ஹெச்.பி.எல்.சி. டெஸ்ட்டில் ஏ-2 ஹீமோகுளோபின் 5.4 சதவீதம் வந்தது. பீட்டா தலசீமியாவைச் சுமப்பவள். இரும்புக்குறை கடுமையாக இருந்தால் ஏ-2 குறைத்துக் காட்டும் என்பதால்தான் முதலில் ஃபெரிட்டின் பார்ப்பது.

இது நோய் இல்லை. அவள் நன்றாக வாழ்வாள், பிள்ளை பெறுவாள். ஆனால் பேசிவைத்திருக்கும் பையன் சொந்தத்தில்தான். அவனுக்கும் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் கடத்திகளாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு, வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா வரலாம். உம்மாக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, “வெளிய தெரிஞ்சா சம்பந்தம் நின்னுடுமேம்மா” என்று அழுதார். டாக்டரே இரண்டு வீட்டாரையும் அழைத்துப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். பெண்ணுக்கு மட்டும் டெஸ்ட் எடுத்துப் பெண் தலையில் குறையைக் கட்டுவதை என்னால் ஒப்பவே முடியாது. பையனுக்கும் அதே ஊசிதான்.

2 மார்ச், ஞாயிறு

முதல் நோன்பு. லாத்தாவின் மாத்திரையை எப்போது போடுவது என்று நேற்று வீட்டில் பெரிய பேச்சு.

நோன்பு திறந்தவுடன் கஞ்சி, வடை, அதன் மேல் டீ. அதோடு மாத்திரை போட்டால் பாதிப் பயன் போய்விடும். டீயிலுள்ள டானின் இரும்பைக் கட்டிப்போடும், பாலிலுள்ள சுண்ணாம்புச்சத்தும் தடுக்கும். இரவு தராவீஹ் தொழுகை முடிந்து வந்து, வயிறு கொஞ்சம் இளகியிருக்கும்போது, எலுமிச்சைச் சாற்றோடு போடச் சொன்னேன். விடியலுக்கு முந்திய சஹர் சாப்பாட்டோடும் டீ குடித்தே ஆக வேண்டும் என்கிறவருக்குத் தராவீஹுக்குப் பிந்திய நேரம்தான் தோது. டாக்டர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று எழுதியிருக்கிறார். ஒரு மாத்திரை போட்டதுமே ஹெப்சிடின் ஏறி மறுநாள் வாசலை ஒடுக்குகிறது. சூரிக்கில் சேமிப்புக் குறைந்த இளம்பெண்களிடம் பார்த்து 2017-ல் வெளியிட்டார்கள்: நாள்தோறும் கொடுத்தபோது 16 சதவீதம் உறிஞ்சிய குடல், ஒரு நாள் இடைவெளி விட்டபோது 22 சதவீதம் உறிஞ்சியது. வயிற்றுப் புரட்டலும் குறையும். கர்ப்பிணிகளுக்கு அரசு தருவது தினமும் ஒன்று; அதைத் தானாக யாரும் மாற்றிக்கொள்ளக் கூடாது.

“நோன்புல பேரீச்சம்பழம் எவ்வளவு சாப்பிடுறோம், அது போதாதா?” என்றார் உம்மா. போதாது. அது சுன்னத் (நபிவழி), அது தெம்பு, ஆனால் அதிலிருந்து உடம்பில் ஒட்டும் இரும்பு சொற்பம். ஆட்டு ஈரல், இறைச்சி, மீனில் உள்ள இரும்பு கீரையில் உள்ளதைவிட நன்றாக ஒட்டும். எங்கள் வீடுகளில் ஈரல் சமைத்தால் முதலில் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போகும். இன்று லாத்தாவின் தட்டில் நானே எடுத்துவைத்தேன்.

மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம் என்றும் சொல்லியாயிற்று. மாத்திரை டப்பாவை மேல் தட்டில் வைக்கச் சொன்னேன். நிறைய விழுங்கினால் சின்னப் பிள்ளைகளின் உயிருக்கே ஆபத்து.

26 ஏப்ரல், சனி

லாத்தாவுக்கு மறுபடியும் பார்த்தோம். முதல் நாள் மாத்திரை போட வேண்டாம், காலையில் வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். மாத்திரை போட்ட கையோடு எடுத்தால் சீரம் இரும்பு பொய்யாக ஏறிக் காட்டும். ஹீமோகுளோபின் 13.2. எம்.சி.வி. 84. ஃபெரிட்டின் 26. ஐஸ் தின்னும் ஆசை முதல் சில வாரங்களிலேயே போய்விட்டதாம். நார்க்கட்டிக்கு மருந்தில் ரத்தப்போக்கு குறைந்திருக்கிறது.

“13 வந்துடுச்சு, நிறுத்திடவா?” என்றார். நிறுத்தக் கூடாது. அலமாரி நிறைந்துவிட்டது, கிட்டங்கியில் இப்போதுதான் மூட்டை இறங்கத் தொடங்கியிருக்கிறது. இன்னும் மூன்று மாதம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வடக்குத் தெரு மாமிக்கு இரைப்பையில் புண் கண்டுபிடித்து மருந்து நடக்கிறது. வலி மாத்திரை நின்றது.

சாயந்திரம் லேப் முதலாளியிடம் ஒன்று கேட்டேன். ஃபெரிட்டினுக்கு ரத்தம் எடுக்கும்போது மூன்று கேள்வி கேட்டு ரிப்போர்ட்டிலேயே அச்சிட வேண்டும்: பத்து நாளுக்குள் காய்ச்சல், புண் உண்டா, கடைசியாக இரும்பு மாத்திரை போட்டது எப்போது, மாதவிலக்கு அதிகமா. ஒப்புக்கொண்டார். மூன்றாவது கேள்வியைக் கவுண்டரில் ஆண்கள் நிற்கும்போது கேட்க முடியாது. ரத்தம் எடுக்கும் அறைக்குள், திரையை இழுத்துவிட்டு, நானே கேட்டு எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை முதல் தொடங்குகிறோம்.